செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ்

இசைக்கருவி வாசிப்பவனுக்கு இன்றியமையாதவை இரண்டு. ஒன்று, பழகிய கை. மற்றொன்று, பிழையைப் பொறாத செவி. கை பழகாவிடின் இனிய ஒலி பிறவாது. செவி பழகாவிடின் பிறந்த ஒலி இசையாகாது. இவ்விரண்டையும் வாழ்நாள் முழுவதும் பேணி வளர்த்தவர் ஸ்பெயின் நாட்டில் தோன்றிய பாப்லோ கசால்ஸ். துணைக்கருவி என்றே பலரால் எண்ணப்பட்டு வந்த செல்லோவை அரங்கின் நடுவே தனித்து அமரச் செய்தவர் அவர். அவ்வாறு புகழின் உச்சியை எய்திய அவரே, பிற்காலத்தில், பொது அரங்குகளில் வாசிப்பதில்லை என்று தம் கருவியைப் பல ஆண்டுகள் மூடி வைத்தார். அவர் எழுப்பிய இசைக்கும் அவர் மேற்கொண்ட மௌனத்திற்கும் வேர் ஒன்றே. அது யாது என்பதை அவர் வரலாறு விளக்கும்.

கருவியின் இயல்பு

செல்லோ வயலின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் வயலின், வியோலா, செல்லோ, டபிள் பாஸ் எனக் கருவிகள் நான்கு உண்டு. உருவம் பெருகப் பெருக ஒலி தாழ்ந்து ஆழமாகும். செல்லோவின் உயரம் ஏறத்தாழ 4 அடி. ஆதலின் அதனை வயலினைப் போலத் தோளில் தாங்க இயலாது. வாசிப்பவர் நாற்காலியில் அமர்ந்து, கருவியை முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி, மார்பின்மீது சாய்த்துக்கொள்வார். அதன் அடியிலுள்ள உலோகக் கம்பி தரையில் ஊன்றி நிற்கும். வலக்கையில் வில் இருக்கும்; அதில் குதிரைவால் மயிர் கட்டப்பட்டு, மரப்பிசின் தடவப்பட்டிருக்கும். பிசின் பற்றுதலால் மயிர் தந்தியை இழுத்து இழுத்து விடும், தந்தி அதிரும், அவ்வதிர்வு மரப்பெட்டியுள் பெருகி நாதமாக வெளிப்படும்.

செல்லோவுக்குத் தந்திகள் நான்கு. மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 65 முறை அதிரும். மிக உயர்ந்தது 220 முறை அதிரும். இடக்கை விரலால் தந்தியை அழுத்தும்போது அதன் நீளம் குறையும், சுரம் உயரும். இவ்வாறு ஆடவர் குரலின் ஆழத்திலிருந்து மகளிர் குரலின் உயரம் வரை செல்லோ எட்டும். மாந்தர் குரலை மிகவும் ஒத்த கருவி இது என்று இசைவல்லார் கூறுவதற்குக் காரணம் இதுவே.

வீணையில் உள்ளவை போன்ற மெட்டுகள் செல்லோவில் இல்லை. எந்த இடத்தில் விரல் பதிய வேண்டும் என்பதைக் காட்ட ஓர் அடையாளமும் இல்லை. ஒரு நெல்லளவு விலகினாலும் சுருதி கெடும். கேட்போர் அதனைக் கவனியாமல் விடலாம். வாசிப்பவர் செவி அறியும். ஆகவே, இக்கருவியைப் பயில்வோர் தமக்குத் தாமே நடுவராய் இருத்தல் வேண்டும்.

சுரைக்காய்ச் செல்லோ

ஸ்பெயின் நாட்டின் வடகிழக்குப் பகுதி கட்டலோனியா எனப்படும். அதற்கெனத் தனிமொழியும் மரபும் உண்டு. அங்குள்ள எல் வென்ட்ரெல் என்னும் சிற்றூரில் 1876 டிசம்பர் 29-ஆம் நாள் கசால்ஸ் பிறந்தார். கட்டலான் மொழியில் அவர் பெயர் பாவ் என்பதாகும். தந்தையார் கார்லெஸ், ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும் பாடகர் குழுவின் தலைவராகவும் இருந்தார். அன்னையார் பிலார், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தவர்.

மகனுக்கு இசையின் முதல் ஆசான் தந்தையே. சிறுவன் ஐந்தாம் வயதிலேயே தேவாலயத்தில் பாடினான். பியானோவும் வயலினும் பயின்றான். ஒன்பதாம் வயதில் தந்தைக்குப் பதிலாக ஆர்கன் வாசிக்கும் தகுதி பெற்றான். ஒருநாள் அவ்வூருக்கு நாடோடிப் பாடகர் சிலர் வந்தனர். அவர்களுள் ஒருவர் துடைப்பக் கழியில் தந்தி பூட்டிச் செல்லோவைப் போல வாசித்தார். சிறுவன் அதைக் கண்டு வியந்து தந்தையிடம் கூறினான். அவர் ஒரு காய்ந்த சுரைக்காயைக் குடைந்து, கழியொன்றைப் பொருத்தி, தந்தி ஏற்றி, மகனுக்கு ஒரு கருவி செய்து கொடுத்தார். அவனுடைய முதற் செல்லோ அதுவே.

உண்மையான செல்லோவை அவன் கேட்டது பதினொராம் வயதில். ஹோசெப் கார்சியா என்னும் இசைவல்லார் எல் வென்ட்ரெலுக்கு வந்து வாசித்தார். அந்த நாதத்தில் சிறுவன் உள்ளம் ஒன்றியது. அக்கருவியையே கற்பேன் என்று அவன் உறுதி கொண்டான். ஆனால், இசையை நம்பிப் பிழைத்தல் அரிது என்பதைத் தந்தை தம் வாழ்விலேயே கண்டவர். மகனைத் தச்சரிடம் தொழில் பழக விடுவதே நன்று என அவர் எண்ணினார். அன்னையோ, மகனுக்கு அமைந்த திறமையை வீணாக்கலாகாது என வாதாடினார். இறுதியில் அன்னையின் சொல்லே நிலைத்தது. 1888-ஆம் ஆண்டு அவர் மகனை அழைத்துக்கொண்டு பார்சலோனா நகரம் சென்று, அங்குள்ள நகராட்சி இசைப் பள்ளியில் சேர்த்தார். கார்சியாவே அங்கு ஆசிரியராக இருந்தார்.

கட்டுண்ட கை விடுதலை பெற்றது

அக்காலத்தில் செல்லோ கற்பிக்கும் முறை விந்தையானது. மாணவன் தன் வலக்கை அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொள்ள வேண்டும்; புத்தகம் கீழே விழாமல் வில்லை இழுக்க வேண்டும். இதனால் மேற்கை உடலோடு ஒட்டியே நின்றது. முன்கை மட்டும் அசைந்தது. நீண்ட வீச்சும் நிறைந்த நாதமும் எவ்வாறு பிறக்கும்? இடக்கையும் அவ்வாறே விறைத்திருந்தது. அடுத்த சுரத்தை எட்ட முழுக்கையும் தந்தியின்மேல் வழுக்கிச் செல்லும். அவ்வாறு வழுக்கும் ஒலி இடையிடையே புகுந்து இசையின் தெளிவைக் கெடுக்கும்.

சிறுவன் கசால்ஸ் இம்முறையை ஏற்கவில்லை. கையை இயல்புக்கு மாறாகக் கட்டுவது ஏன் என்று வினவினான், விடை கிடைக்கவில்லை. தானே தனியே இருந்து வேறு வழியை ஆராய்ந்தான். தோள் முதல் மணிக்கட்டு வரை கை முழுவதும் தடையின்றி இயங்குமாறு வில் பிடித்தான். இடக்கையில் விரல்களை அகல விரித்து, கையை நகர்த்தாமலே அடுத்த சுரங்களை எட்டப் பழகினான். ஒரு சுரத்திற்கும் மற்றொரு சுரத்திற்கும் இடையே, இமைப்பொழுதேனும் தசைகளைத் தளரவிட வேண்டும் என்பதையும் கண்டான். முதலில் பள்ளியில் சலசலப்பு எழுந்தது. ஆயினும் நாதத்தின் தெளிவைக் கேட்ட பின்னர் ஆசிரியர் அதனைத் தடுக்கவில்லை. இன்று உலகெங்கும் செல்லோ பயில்வோர் தடையற்ற கையுடன் வாசிக்கின்றனர். அதற்கு வழி திறந்தவர்களுள் முதலிடம் பெறுபவர் கசால்ஸ்.

பழைய கடையில் கிடைத்த புதையல்

பள்ளியிற் படிக்கும்போதே கசால்ஸ் மாலை வேளைகளில் ஒரு காப்பிக் கடையில் வாசித்துப் பொருள் ஈட்டினார். 1890-ஆம் ஆண்டு ஒருநாள் மகனைக் காண வந்த தந்தை, அவருக்கு முழு அளவுள்ள செல்லோ ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பின்னர் இருவரும் துறைமுகத்தின் அருகே இருந்த பழைய இசைநூற் கடையொன்றில் நுழைந்தனர். அங்கே ஒரு கட்டில், நிறம் மங்கிய தாள்கள் கசால்ஸின் கண்ணிற் பட்டன. அவை ஜெர்மன் இசையறிஞர் ஜோஹன் செபஸ்டியன் பாக், 1720-ஆம் ஆண்டையொட்டித் தனிச் செல்லோவுக்கென இயற்றிய ஆறு தொகுதிகள்.

அத்தொகுதிகள் உலகிற்கு முற்றிலும் தெரியாதவை அல்ல. ஆயினும் அவற்றை விரற்பயிற்சிக்கு உரியவை என்றும், உயிரற்றவை என்றும் பலர் கருதினர். அவற்றுள் ஒரு பகுதியை எடுத்து யாரேனும் வாசிப்பதுண்டு. ஒரு தொகுதியை முழுமையாக அரங்கில் வாசிக்கும் வழக்கம் இல்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் அத்தாள்களை வீட்டிற்கு எடுத்துச் சென்றான். நாள்தோறும் அவற்றைப் பயின்றான். ஓராண்டு அன்று, ஈராண்டு அன்று. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற பின்னரே ஒரு தொகுதியை மக்கள் முன் வாசிக்கத் துணிந்தார். ஆறு தொகுதிகளையும் அவர் இசைத்தட்டில் பதிவு செய்தது 1936 முதல் 1939 வரையிலான ஆண்டுகளில். அப்போது அவருக்கு அறுபது வயது. உயிரற்றவை என்று ஒதுக்கப்பட்ட அத்தொகுதிகள் இன்று ஒவ்வொரு செல்லோ மாணவனும் கற்றுத் தீரவேண்டிய பாடங்களாகவும், உலக இசையின் அருஞ்செல்வங்களாகவும் விளங்குகின்றன.

வறுமையும் வெற்றியும்

காப்பிக் கடையில் கசால்ஸின் வாசிப்பைக் கேட்ட இசையறிஞர் அல்பேனிஸ், மாட்ரிட் நகரிலிருந்த மொர்ஃபி பிரபுவுக்கு அறிமுகக் கடிதம் ஒன்று கொடுத்தார். அதன் பயனாக, ஸ்பெயின் நாட்டு அரசியின் உதவிச் சம்பளம் இளைஞருக்குக் கிடைத்தது. சில ஆண்டுகளுக்குப் பின் 1895-இல் பிரபு அவரைப் பெல்ஜிய நாட்டின் தலைநகராகிய பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பினார். அங்குள்ள இசைக் கல்லூரியில், புதிதாக வந்த ஸ்பானிய இளைஞரை மாணவர் முன்னிலையில் ஒரு பேராசிரியர் எள்ளி நகையாடினார். கசால்ஸ் கருவியை எடுத்து வாசித்தார். நகைப்பு அடங்கியது. உடனே, தம் வகுப்பில் சேர்ந்தால் முதற்பரிசு உறுதி என்று பேராசிரியர் இறங்கி வந்தார். தன்மானம் மிக்க இளைஞர் அதனை மறுத்துப் பாரிஸ் நகருக்குப் புறப்பட்டுவிட்டார்.

அதன் விளைவாக அரசியின் உதவி நின்றது. பாரிசில் அவர் ஒரு கேளிக்கை அரங்கில் சிறு ஊதியத்திற்கு வாசித்தார். வண்டிக் கூலியை மிச்சப்படுத்த நடந்தே சென்றார். உடன் வந்த அன்னையார் துணி தைத்துப் பொருள் தேடினார். ஒருநாள் தம் நீண்ட கருங்கூந்தலையே வெட்டி விற்று வந்தார். மகன் நோயுற்றான். வேறு வழியின்றிக் குடும்பம் பார்சலோனாவுக்குத் திரும்பியது. அங்கே தம் பழைய ஆசிரியர் விட்டுச் சென்ற பதவியில், பத்தொன்பது வயதில், கசால்ஸ் ஆசிரியராக அமர்ந்தார். அவருடைய ஆசிரியத் தொழில் அன்று தொடங்கி, வாழ்வின் இறுதிவரை நீடித்தது.

1899-ஆம் ஆண்டு லண்டனிலும் பாரிசிலும் அவர் வாசித்த வாசிப்பு அவர் பெயரை ஐரோப்பா முழுவதும் பரப்பியது. 1901-இல் அமெரிக்கா சென்றபோது, மலையேறுகையில் பாறையொன்று உருண்டு அவருடைய இடக்கையைத் தாக்கியது. இனிச் செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்னும் நிம்மதியே தம் உள்ளத்தில் அக்கணம் எழுந்தது என்று அவர் பின்னர் ஒளியாது கூறியிருக்கிறார். கலையைக் கடமையாகக் கொண்டவர்க்கு அக்கடமை எத்தகைய சுமை என்பதை இது உணர்த்தும். சில மாதங்களில் கை குணமாயிற்று. அவர் மீண்டும் அச்சுமையை ஏற்றார். 1905 அளவில், பியானோ வல்லுநர் கொர்ட்டோ, வயலின் வல்லுநர் திபோ ஆகியோருடன் சேர்ந்து மூவர் குழு அமைத்து, நீண்ட காலம் வாசித்தார்.

உழைப்பாளர்க்கு இசை

தாம் ஈட்டிய பொருளைக் கசால்ஸ் தம் நாட்டிற்கே செலவிட்டார். பார்சலோனாவில் ஒரு சிறந்த இசைக்குழுவை நிறுவினார். அதன் முதல் நிகழ்ச்சி 1920 அக்டோபர் 13-ஆம் நாள் நடைபெற்றது. கலைஞர்கள் வேறு வேலை தேடாமல் பயிற்சி செய்யத் தக்க ஊதியம் வேண்டும் என்று கருதி, பல ஆண்டுகள் குழுவின் பற்றாக்குறையைத் தாமே ஈடு செய்தார்.

ஆனால், உயர்ந்த இசை செல்வர்க்கு மட்டும் உரியதாக இருந்தது அவர் உள்ளத்தை உறுத்தியது. ஆலைத் தொழிலாளர் அதனைக் கேட்கக் கட்டணம் தடையாயிற்று. ஆகவே, தொழிலாளர் இசைச் சங்கம் ஒன்று தோன்ற அவர் துணை நின்றார். குறைந்த ஊதியம் பெறுவோரே அதில் உறுப்பினராகலாம். ஆண்டுக் கட்டணம் 6 பெசெட்டா மட்டுமே. ஞாயிற்றுக்கிழமை காலை வேளைகளில் அரங்கம் தொழிலாளரால் நிறைந்தது. நாளடைவில் அவர்கள் தமக்கென ஓர் இசை இதழையும் இசைப் பள்ளியையும் நடத்தும் அளவுக்கு வளர்ந்தனர்.

ஒத்திகையின் நடுவே வந்த செய்தி

1936 ஜூலை 18-ஆம் நாள் மாலை. கசால்ஸ் தம் குழுவினருடன் பேத்தோவன் இயற்றிய ஒன்பதாம் சிம்பொனிக்கு ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தார். மாந்தர் யாவரும் உடன்பிறந்தோர் என்று பாடும் இறுதிப் பகுதி தொடங்க இருந்தது. அவ்வேளையில் ஒருவர் ஓடிவந்து செய்தி கொணர்ந்தார். குடியரசுக்கு எதிராக இராணுவத் தலைவர்கள் கிளர்ச்சி செய்துவிட்டனர். நகரில் எந்நேரமும் தாக்குதல் நிகழலாம். அனைவரும் உடனே கலைந்து செல்ல வேண்டும் என்பது செய்தி. கசால்ஸ் அதனைக் குழுவினர்க்கு வாசித்துக் காட்டினார். இனி எப்போது கூடுவோமோ தெரியாது. பிரியும் முன் இப்பகுதியை முடித்துச் செல்வோமா என்று கேட்டார். அனைவரும் இசைந்தனர். கண்ணீர் மறைக்க, இசைக்குறிகளைக் காணவும் இயலாத நிலையில், அவர் அதனை நடத்தி முடித்தார். பின்னர்க் கலைஞர் கருவிகளுடன் வீதியில் இறங்கினர். அங்கே தடுப்பரண்கள் எழுந்துகொண்டிருந்தன.

மூன்றாண்டுகள் நடந்த உள்நாட்டுப் போரில் குடியரசு வீழ்ந்தது. 1939-இல் தளபதி பிராங்கோ சர்வாதிகாரியானார். ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் பிரெஞ்சு எல்லையைக் கடந்தனர். கசால்ஸும் தாயகம் துறந்து, எல்லைக்கு அருகே மலையடியில் உள்ள பிராட் என்னும் பிரெஞ்சுச் சிற்றூரில் தங்கினார். அங்கிருந்தவாறே முகாம்களில் வாடிய அகதிகளுக்கு உணவும் உடையும் திரட்டினார். உதவி வேண்டிப் பல நாடுகளுக்கும் கடிதங்கள் எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் அதிகாரிகள் அவர் இல்லம் வந்து, பெர்லினில் வாசிக்குமாறு அழைத்தனர். ஹிட்லர் ஆட்சியேற்ற 1933 முதலே ஜெர்மனியில் வாசிக்க மறுத்தவர் அவர். அன்றும் மறுத்தார். இங்கேயாவது வாசித்துக் காட்டுக என்று கேட்டபோது, தோளில் வாதநோய் என்று சொல்லிக் கருவியைத் தொடாமலே இருந்தார்.

மௌனம் ஏன்?

1945-இல் போர் முடிந்தது. கசால்ஸ் இங்கிலாந்து சென்று வாசித்தார். மக்கள் திரண்டு வரவேற்றனர். ஹிட்லரை வென்ற நாடுகள் ஸ்பெயினிலும் மக்களாட்சி மீளத் துணை செய்யும் என அவர் நம்பினார். அந்நம்பிக்கை பொய்த்தது. பிராங்கோவின் ஆட்சி நிலைபெறுவதைக் கண்ட அவர், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் அளிக்க முன்வந்த பட்டங்களையும் ஏற்காமல் பிராட் திரும்பினார். அவ்வாட்சியை ஏற்கும் நாடுகளில் பொது அரங்குகளில் வாசிப்பதில்லை என உறுதி பூண்டார்.

இது முறையா என்று பலர் வினவினர். இசை அனைவர்க்கும் பொது. அரசுகளின் குற்றத்திற்காக இசை நாடும் மக்களைத் தண்டிக்கலாமா? ஒரு கலைஞர் வாசிக்காமையால் எந்த ஆட்சி கவிழும்? முதுமையில் அருங்கலை வீணாகலாமா? இவ்வினாக்கள் எளியவை அல்ல. கசால்ஸின் விடை இதுவே: கலைஞனும் மனிதன், மனிதனுக்குரிய கடமைகளிலிருந்து கலை அவனை விடுவிப்பதில்லை. படையும் பதவியும் இல்லாத ஒருவனிடம் உள்ள ஆயுதம் அவன் தொழிலே. தவற்றுக்கு உடன்படவில்லை என்பதைத் தன் தொழிலை நிறுத்தியேனும் அவன் உணர்த்த வேண்டும். அவர் மௌனம் ஆட்சியை அசைக்கவில்லை என்பது உண்மை. பிராங்கோ 1975-இல் இறக்கும் வரை ஆண்டார். ஆயினும், மறக்கப்பட இருந்த அகதிகளை உலகம் மறவாதிருக்க அம்மௌனம் துணை செய்தது.

அவர் உலகிற்குச் செல்லாமையால் உலகம் அவரிடம் வந்தது. பாக் மறைந்து 200 ஆண்டுகள் நிறைந்த 1950-இல், வயலின் கலைஞர் அலெக்சாண்டர் ஷ்னைடரின் முயற்சியால், பிராட் ஊரின் தேவாலயத்திலேயே ஓர் இசைவிழா நடைபெற்றது. பல நாட்டுப் பெருங்கலைஞர்கள் அச்சிற்றூர் வந்து அவர் தலைமையில் வாசித்தனர். கசால்ஸ் மீண்டும் வில்லை எடுத்தார். தம் உறுதியை விடவில்லை.

ஆசிரியர் கசால்ஸ்

கசால்ஸ் அரங்கில் வாசிப்பதை நிறுத்திய காலத்திலும் கற்பித்தலை நிறுத்தவில்லை. 1946-இல் பெர்னார்டு கிரீன்ஹவுஸ் என்னும் அமெரிக்க இளைஞர் பிராட் வந்து அவரிடம் மாணவரானார். பாக்கின் தொகுதி ஒன்றைக் கசால்ஸ் கற்பித்தார். விரல் வைப்பு, வில் வீச்சு, அழுத்தம் அனைத்தும் ஆசிரியரைப் போலவே அமைய வேண்டும் என்பது கட்டளை. பல வாரங்கள் சென்றன. இருவர் வாசிப்பும் ஒரே கருவியின் ஒலிபோல ஒன்றுபட்டன. நகலெடுப்பதுதானா கல்வி என்று மாணவர் உள்ளூர ஐயுற்றார். அன்று ஆசிரியர், “நீ அமர்ந்து கேள்” என்று கூறி, அதே தொகுதியைத் தாமே வாசித்தார். விரல் வைப்பு வேறு, வில் வீச்சு வேறு, அழுத்தம் வேறு. ஆயினும் அழகு சிறிதும் குறையவில்லை. ஒன்றை முற்றக் கற்ற பின்னரே அதனைத் தன் வழியில் உருவாக்கும் உரிமை பிறக்கிறது என்பதை மாணவர் அன்று உணர்ந்தார்.

மற்றொரு நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. கிரிகோர் பியாட்டிகோர்ஸ்கி என்னும் இளங்கலைஞர் பெர்லினில் கசால்ஸ் முன்னிலையில் வாசிக்க நேர்ந்தது. அச்சத்தால் வாசிப்பு பிழைபட்டது. ஆனால் கசால்ஸ் மகிழ்ந்து பாராட்டித் தழுவிக்கொண்டார். அது போலிப் பாராட்டு என எண்ணி இளைஞர் மனம் நொந்தார். சில ஆண்டுகளுக்குப் பின் நெருங்கிப் பழகியபோது அதனை அவரிடமே கூறினார். கசால்ஸ் சினந்து செல்லோவை எடுத்தார். “இந்த இடத்தில் நீ இவ்வாறு விரல் வைத்தாய்; அது எனக்குப் புதுமை. இங்கே வில்லை இவ்வாறு தொடங்கினாய்” என்று ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். பிழைகளை எண்ணி மதிப்பிடுவது அறியாதார் செயல்; ஒரு நல்ல சுரத்திற்கும் நன்றி பாராட்டத் தமக்குத் தெரியும் என்றார். பிழைகளுக்கிடையே மறைந்திருந்த நன்மையைக் கேட்டதோடு, ஆண்டுகள் பல கடந்தும் அதனை நினைவில் வைத்திருந்த செவி அது!

சுருதியைப் பற்றி அவர் கொண்டிருந்த கொள்கையும் அறியத்தக்கது. சுருதி சேர்தல் என்பது செவித்திறனோடு நின்றுவிடுவதன்று. அது மனச்சாட்சியைச் சேர்ந்தது என்பார். இந்த அளவு போதும் என்று மனம் தளர்ந்த இடத்தில் சுருதி விலகும். சிறு விலகலையும் தவறென உணர்ந்து திருத்துபவனே கலைஞன். கசால்ஸின் இசைக்கும் மௌனத்திற்கும் அடிப்படை இக்கொள்கையே. சுரத்தில் நெல்லளவு விலகலையும் பொறாத உள்ளம், நீதியில் நேர்ந்த பெரும் விலகலைப் பொறுக்குமோ?

இறுதி ஆண்டுகள்

1956-இல் கசால்ஸ் தம் அன்னை பிறந்த போர்ட்டோ ரிக்கோ தீவில் குடியேறினார். அவர் முயற்சியால் அங்கே 1957-இல் இசைவிழாவும், 1958-இல் இசைக்குழுவும், 1959-இல் இசைக் கல்லூரியும் தோன்றின. முதல் விழாவின் ஒத்திகையில் இதயநோய் அவரைத் தாக்கியது, அதிலிருந்தும் மீண்டார். நாள்தோறும் காலையில் பியானோவில் பாக்கின் இசையை வாசித்தே பணி தொடங்கும் வழக்கத்தை அவர் முதுமையிலும் கைவிடவில்லை. அமெரிக்காவின் மால்பரோ நகரில் நடக்கும் கோடைக்கால இசைக் கூட்டத்தில் 1960 முதல் இளைஞர்களைப் பயிற்றினார்.

1958 அக்டோபர் 24-ஆம் நாள் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் வாசித்தார். 1961-இல் குடியரசுத் தலைவர் கென்னடியின் அழைப்பை ஏற்று வெள்ளை மாளிகையில் வாசித்தார். பிராங்கோவை ஏற்ற நாடாயிற்றே என்று அவர் தயங்காமல் இல்லை. கென்னடியின்மேல் கொண்ட நம்பிக்கையே அவரை இசைவித்தது. 1971 அக்டோபர் 24-ஆம் நாள், தொண்ணூற்று நான்காம் வயதில், ஐக்கிய நாடுகள் மன்றத்திற்கென இயற்றிய பாடலை அங்கே தாமே நடத்தினார். அன்று அவருக்கு அமைதிப் பதக்கம் வழங்கப்பட்டது. பின்னர் அவர் செல்லோவை எடுத்து, பறவைகளைப் பற்றிய கட்டலான் நாட்டுப் பாடல் ஒன்றை வாசித்தார். வானில் பறக்கும் பறவைகள் அமைதி அமைதி என்றே பாடுகின்றன என்று அவர் சொன்னபோது, அவையோர் கண்கள் நீர் மல்கின.

1973 அக்டோபர் 22-ஆம் நாள், தொண்ணூற்றாறு வயதில், போர்ட்டோ ரிக்கோவில் கசால்ஸ் மறைந்தார். தாயகத்தில் மக்களாட்சி மீண்டதைக் காண அவருக்கு வாய்க்கவில்லை. பிராங்கோ இறந்த பின் ஸ்பெயினில் மக்களாட்சி மலர்ந்தது. 1979-ஆம் ஆண்டு அவருடைய உடல் கடல் கடந்து கொண்டுவரப்பட்டு, எல் வென்ட்ரெலில் அடக்கம் செய்யப்பட்டது. தந்தை செய்து கொடுத்த சுரைக்காய்ச் செல்லோவை மீட்டி விளையாடிய ஊரிலேயே அம்மேதை இன்று துயில்கின்றார். உழைப்பால் கையையும், உண்மையால் செவியையும் பழக்கிய அவர் வாழ்வு, கலை பயில்வோர்க்கு மட்டுமன்றி எத்தொழில் செய்வோர்க்கும் நல்ல பாடமாகும்.